ஊசி வரிசையில் ஒரு டோக்கன்

உத்திரமேரூர் பள்ளியில் தடுப்பூசி முகாம். மறுநாள் ஞாயிறு ஊரடங்கு என்பதால் சனிக்கிழமை காலைப் பனியிலேயே வரிசை கேட் வரைக்கும் வந்துவிட்டது. முகக்கவசத்துக்கு மேல் கைக்குட்டையும் கட்டிக்கொண்டு, யார் யார் இருமுகிறார்கள் என்று பார்த்தபடி நின்றேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா, அவருக்கு முன்னால் நின்ற எதிர்க்கட்சிக் கிளைச் செயலாளரைக் கூப்பிட்டார்.

“அண்ணே, நீ இங்க இன்னா பண்ற?”

“ஊசி போட்டுக்கத்தான்மா.”

“நல்லாகீதே நாயம்! உன் பேச்சக் கேட்டுக்கினு எங்க வூட்டுக்காரரு ஊசியே வாணாம்னு குந்திக்கினுகீறாரு. ஏற்கெனவே ஆஸ்துமா உடம்பு.”

“நான் எப்ப ஊசிய வாணாம்னேன்? ஊரடங்குன்னு நமக்கு அபராதம் போட்டுட்டு, ஆளுங்கட்சிக்காரனுங்க கூட்டம் கூட்டி விழா நடத்துனானுங்க. அதத்தான் கேட்டேன்.”

“கவர்மென்ட் குடுக்கற எதையும் தொடமாட்டேன்றாரு.”

“அவருக்குப் போனப் போடு” என்று செயலாளர் கையை நீட்டினார்.

“யோவ் மாமா, நானே வரிசையிலதான் நிக்கறேன். வந்து போட்டுக்க. அவனுங்கள கேள்வி கேக்க நம்ம உசுரோட இருக்கணும்ல?”

டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த ஆளுங்கட்சி வார்டு மெம்பர் சட்டென்று திரும்பினார். சண்டை வந்தால் முகாமை மூடிவிடுவார்களே என்று எனக்குத் திக்கென்றது.

மெம்பர் ஒரு டோக்கனைக் கிழித்து அந்த அம்மாவிடம் நீட்டினார். “மாமனுக்கு இத வச்சுக்க. என்னைக் கேள்வி கேக்க ஆளு கொறையக் கூடாது.”

“வர்றாராம்” என்றார் செயலாளர்.

அந்த அம்மா போனைப் பிடுங்கினார். “மப்ளரக் கட்டிக்கினு வாய்யா, பனி கொட்டுது.”