கழுதை விஷயமாக நீ கேட்டதற்கு

ஒழுங்கில்லாத பையைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. மருந்துக்கடையில் முப்பது வருஷம் நின்றவளுக்கு அந்தக் குணம் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

நேற்று போனில், "அம்மா, அப்பா எதுக்கு ஞாபக மாத்திரை சாப்பிடறார்? கழுதை கழுதைன்னு வேற ஏதோ சொல்றாரே?" என்று கேட்டாய். அப்பா பக்கத்திலேயே இருந்தார், பேச முடியவில்லை. இப்போது சித்தப்பாவோடு பிசியோதெரபிக்குப் போயிருக்கிறார். அதனால் எழுதுகிறேன். நீ பதற ஒன்றும் இல்லை.

வெளியூர் வேலைக்குக் கிளம்பியபோது நீ விட்டுவிட்டுப் போன கேம் பெட்டியைத் தூசு தட்டப் போய்த்தான் நான் அதில் விழுந்தேன். சுடுகிற கேம், பந்தய கேம் எல்லாம் எனக்கு ஒத்துவரவில்லை. ஒரு ஆளாக மாறி, ஊர் ஊராகப் போய், கதைக்குள்ளேயே வாழ்கிற கேம்தான் பிடித்தது. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒருவர் ஒரு வேலை சொல்வார். முடித்தால் டிக் விழும். சொன்னவர் நன்றியும் சொல்வார். நம் வீட்டில் அப்படி ஒரு வசதி இருந்ததில்லை. குறையாகச் சொல்லவில்லை. கடையில் முப்பது வருஷத்துக்கு எனக்கு இரண்டு பதவி உயர்வு. கேமில் ஒரே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று லெவல். முன்பின் தெரியாதவர் வீட்டுக்குள் நுழைந்து பானையெல்லாம் திறந்து பார்க்கலாம், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஆபத்துக்கு ஆகுமே என்று தொண்ணூற்றொன்பது மருந்துக் குப்பி சேர்த்து வைத்து, கடைசிச் சண்டையிலும் ஒன்றைக்கூடத் திறக்காமல் ஜெயித்தவள் நான்.

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கப் போன இடத்தில் அப்பா விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டு வந்தபோது, முதல் இரண்டு வாரம் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். நான்தான் அந்தக் கேமைப் போட்டுக் கொடுத்தேன். "இதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்" என்றார். மறுநாள் நான் வேலை முடிந்து வருகிறேன், மனுஷர் சாப்பாட்டைத் தொடவே இல்லை, ஆட்டத்தில் இருக்கிறார்.

ஆனால் அவர் ஆடிய விதம் இருக்கிறதே. கத்தி, கேடயம் எதுவும் வேண்டாமாம். குதிரை கொடுத்தார்கள், வேண்டாமென்று ஒரு கழுதையை வாங்கிக்கொண்டார். முட்டி மடங்காத ஆள் நாள் முழுக்க அந்த ஊர்களில் நடந்தார். யாருக்காவது கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பார், மீன் பிடிப்பார், வேலி சரிசெய்வார். கழுதைக்கு 'சூப்பர்வைசர்' என்று பெயர் வைத்தார். "இருபது வருஷம் அந்தாளு என் முதுகுல ஏறி உக்காந்தான். இப்ப அவன் சுமக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தொண்ணூறு மணி நேரம் ஆடியிருந்தார். லெவல் ஆறு.

லெவல் ஆறு என்றால் உனக்குப் புரியும்.

செவ்வாயும் வெள்ளியும் பிசியோதெரபி. முதல் செவ்வாய், அவர் சேவ் பண்ணியிருந்ததைத் திறந்து பையை மட்டும் அடுக்கினேன். உடைந்த தூண்டில் முப்பத்தொன்று வைத்திருந்தார். அவ்வளவையும் விற்றுவிட்டு மூடினேன். அவருக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை, பாலத்தில் நின்ற திருடர்களை முடித்தேன். மூன்று வாரமாக அவர்களுக்குப் பயந்து சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்தார். வந்து பார்த்தவர், "அவங்களாவே கெளம்பிட்டாங்க போல. தெனமும் தூரத்துல நின்னு கையாட்டிட்டுப் போவேன்ல, மனசு மாறியிருக்கும்" என்றார்.

அப்புறம் ஒவ்வொரு தடவையும் இரண்டு லெவல் ஏற்றினேன். அவர் பிசியோதெரபிக்காரப் பெண்ணிடம், "கை பழகிடுச்சும்மா, இப்ப எவனும் என்னை அசைக்க முடியல" என்று பெருமையடித்தாராம். அதே வீறாப்பில் வாக்கரை ஓரமாக வைத்துவிட்டுப் பத்து அடி நடந்தாராம். மருந்து பிடிக்கிறது என்றால் அளவைக் கூட்டுவதுதானே முறை. கூட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மலைக்கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தேன். காவல் கிழவி, "உன்னோடு அதிக தூரம் நடந்தது எதுவோ, அதைக் கொடு, கதவு திறக்கும்" என்றாள். அனுபவப்பட்ட யாரும் யோசிக்க மாட்டார்கள். பதிலுக்குக் கிடைப்பது வெள்ளிக் கேடயம். கழுதை, எந்த ஊர்ச் சந்தையிலும் கிடைக்கிற கழுதை. கொடுத்தேன். அது ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. அப்படிப் பார்க்கும்படி செய்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கேம் தானாக சேவ் ஆகிவிட்டது. என்னைக் கேட்கவில்லை.

அன்றைக்கு அப்பா நான்கு படி ஏறியிருந்தார். செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டு நேராக ஆட்டத்தில் போய் உட்கார்ந்தார்.

"இங்க வாயேன். சூப்பர்வைசரைக் காணோம்."

"நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன். நான் எங்கயாவது கட்டிப் போட்டுட்டு வந்துட்டேனா?"

"இருக்கும்" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் நான் சொன்னது.

பதினோரு நாள் தேடினார். ஊர் ஊராகப் போய், எதிர்ப்பட்ட எல்லோரிடமும் பேச்சுக் கொடுத்தார். ஒரு நோட்டு போட்டு, 'ஆற்றங்கரை, இல்லை. உப்பளம், இல்லை' என்று எழுதிவைத்தார். பிசியோதெரபிக்குப் போகவில்லை. "ரெண்டு தடவையா சார் வரலையேம்மா, கால் இறுகிடும்" என்று அந்தப் பெண் போன் செய்தாள். வெள்ளிக் கேடயத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டாம் நாள் காலை, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் கேட்டார். "எனக்கு மறதி வந்துடுச்சும்மா. விழுந்தப்ப தலையிலயும் அடிபட்டிருக்கும் போல. ஞாபகத்துக்கு ஏதாவது மாத்திரை இருந்தா கொண்டு வாயேன்."

உண்மையைச் சொல்ல அது நல்ல நேரம் என்று நீ நினைப்பாய். நானும் நினைத்தேன். ஆனால் கடைக்கு நேரமாகிவிட்டது.

சாயங்காலம் சாதாரண வைட்டமின் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, ஒரு டப்பாவில் போட்டு, 'ஞாபக சக்திக்கு, காலை ஒன்று' என்று என் கையால் எழுதி ஒட்டிக் கொடுத்தேன். "இது உடம்புல சேரணும்னா தெனமும் நடக்கணும்" என்றும் சொன்னேன். அந்த வார்த்தை வேலை செய்தது. பிசியோதெரபிக்குப் போக ஆரம்பித்தார். இப்போது கைத்தடியோடு தெருமுனை வரை போய்த் திரும்புகிறார். நீ அடுத்த மாதம் வரும்போது பார்க்கத்தான் போகிறாய். இதில் என் பங்கு என்ன என்று யாரும் கேட்கப்போவதில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

இன்று காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்திருந்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"ஞாபகம் வந்துடுச்சு! காற்றாலைக்குப் பின்னாடி, வேலிக் கம்பத்துல கட்டினேன். போட்ட முடிச்சு மொதக்கொண்டு ஞாபகம் இருக்கு. அவுத்துக்கிட்டுப் போயிருக்கான். என் தப்பு, இன்னும் இறுக்கிக் கட்டியிருக்கணும்."

"அப்படியா, நல்லது" என்றேன்.

ஆகவே, நீ கேட்டதற்குப் பதில் இது. அவர் எதையும் மறக்கவில்லை. கழுதையைக் கொடுத்தது நான், மறதியைக் கொடுத்ததும் நான், அதற்கு மாத்திரை கொடுத்ததும் நான்தான். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், அதில் சந்தேகமே வேண்டாம். டப்பாவில் இன்னும் ஒன்பது நாளைக்கு இருக்கிறது. இவ்வளவு நன்றாக வேலை செய்கிற மருந்தைப் பாதியில் நிறுத்த என் படிப்பு இடம் கொடுக்காது.