பூட்டிய வீட்டின் மீட்டர்

தம்பி: ...மீட்டர் வைக்கலாம்னு மட்டும் சொல்லாதீங்க. மீட்டர் வச்ச வீட்டுக்கு ஒருத்தனும் படியேற மாட்டான்.

தரகர்: வைக்கலைன்னா படியேறி, கேட்டுட்டு, இறங்கிப் போவான். அது பரவாயில்லையா சார்?

அக்கா: நீங்க சொல்லுங்கண்ணே. தண்ணி மீட்டர் இருந்தா ஒரு வீட்டுக்கு விலை கூடுமா, குறையுமா?

தரகர்: பொதுவா கேட்டா பொதுவா ஒரு பொய்தாம்மா சொல்ல முடியும். போன வாரம் எதிர்த்தெரு வீட்டுக்கு ரெண்டு பார்ட்டி வந்தாங்க. முதல்ல வந்தது ஏழு பேர் இருக்கிற குடும்பம். மீட்டர்னு வாயெடுத்தேன், செருப்பை மாட்டிட்டாங்க. அடுத்து வந்தது புருஷன் பெண்டாட்டி, ரெண்டே பேர். மீட்டர் இல்லாத வீட்டைக் காட்டவே காட்டாதீங்கன்னாங்க.

அக்கா: அவ்வளவு பிடிவாதம் எதுக்கு?

தரகர்: மீட்டர் இல்லைன்னா வீட்டோட அளவைப் பாத்துக் கட்டணம். இந்த வீடு மூணு அறை. ஒரு செம்பு புடிச்சாலும் அதே கட்டணம், நாள் பூராத் திறந்து விட்டாலும் அதே கட்டணம். ஏழு பேர் குளிக்கிற தண்ணிக்கு ரெண்டு பேர் எதுக்குக் கட்டணும்?

தம்பி: அப்போ ஏழு பேரையே கூட்டிட்டு வாங்க. நிதானமாத் தேடுங்க. ஒரு வருஷம் ஆகட்டும், ரெண்டு வருஷம் ஆகட்டும்...

தரகர்: இன்னைக்கே ஆள் வர்றாங்களே சார். தையல் கடை வச்சிருக்கிற அம்மாவும் அவங்க தாயாரும். இன்னும் அரை மணி நேரத்துல.

தம்பி: இன்னைக்கா?

அக்கா: நேத்தே உனக்குச் சொன்னேன்டா.

தம்பி: பாக்க வர்றாங்கன்னு சொன்னே. இன்னைக்குன்னு சொல்லல.

அக்கா: பின்ன எதுக்கு நீ காலையிலயே எனக்கு முன்னாடி வந்து உக்காந்திருக்கே?

தம்பி: ...தூசி தட்டலாம்னு.

தரகர்: நல்லாவே தட்டியிருக்கீங்க சார். அடைச்சுக் கிடந்த வீடு மாதிரியே இல்லை.

தம்பி: அக்கா, நான் சொல்றதைக் கேளு. மீட்டர் வச்ச வீட்டுல மனுஷன் நிம்மதியாக் குளிக்க முடியுமா? தலையில ஊத்தும்போதே மனசு எண்ணும். குழந்தை கை கழுவினா, போதும் மூடுன்னு சத்தம் போடத் தோணும். அப்படி ஒரு வீட்டை யார் ஆசைப்பட்டு வாங்குவா?

அக்கா: எண்ணாம யாருடா வாழறா? மாத்திரையை எண்ணறோம், லீவை எண்ணறோம்...

தம்பி: தண்ணியையுமா? அப்பா இருந்த வரைக்கும் இந்த வீட்டுல அந்தப் பேச்சு வந்திருக்கா?

தரகர்: சார் சொல்றதுலயும் நியாயம் இருக்கும்மா. ஆனா என் அனுபவத்துல, வாங்குறவங்க மீட்டரைப் பாத்துப் பயப்படறதில்லை. அதுல இருக்கிற எண்ணைப் பாத்துத்தான் பயப்படறாங்க. தையல் கடைக்காரம்மா போன்ல முதல்ல கேட்டதே அதுதான். 'மீட்டர் உண்டா, உண்டுன்னா இதுவரைக்கும் எவ்வளவு ஓடியிருக்கு?'

தம்பி: இல்லைன்னு சொல்லிடுங்க. அவங்களும் வர வேண்டாம்.

அக்கா: இருக்கு.

தம்பி: என்ன இருக்கு?

அக்கா: மீட்டர்.

தம்பி: ...எங்க?

அக்கா: கேட்டுக்கு வெளிய, குழியில. இரும்பு மூடி போட்டிருக்கே, அதுக்குக் கீழ. அப்பா போன மறு மாசமே வச்சேன். பூட்டின வீட்டுக்கு மூணு அறைக் கட்டணம் எதுக்குன்னு.

தம்பி: யாரைக் கேட்டு வச்சே? வீட்டுல பாதி என்னுது.

அக்கா: உன்னைக் கேக்கத்தான் கூப்பிட்டேன். நீ போனை எடுத்தாத்தானே.

தம்பி: எடுத்துடச் சொல்லு. இன்னைக்கே.

தரகர்: அது முடியாது சார். வைக்கிறது நம்ம இஷ்டம், வச்சதை எடுக்கிறது நம்ம இஷ்டம் இல்லை. விடுங்க, நல்ல செய்திதானே. பூட்டின வீடு, மீட்டர் அப்படியே பூஜ்ஜியத்துல நிக்கும். அதைக் காட்டினாப் போதும், அந்தம்மா பாதி முடிவு பண்ணிடுவாங்க. போய்ப் பாத்துட்டு வரேன்.

தம்பி: மூடி துருப்பிடிச்சிருக்கும். கையைக் கிழிச்சுக்காதீங்க.

தரகர்: முப்பது வருஷமா மூடி திறக்கிற கை சார் இது.

தம்பி: அக்கா... அவரைக் கூப்பிடு. அந்தம்மா வந்தப்புறம் பாத்துக்கலாம்.

அக்கா: உனக்கு ஏன்டா வேர்க்குது? ஃபேனைப் போடட்டுமா?

தம்பி: வேண்டாம்.

தரகர்: அம்மா... கொஞ்சம் சிக்கல். வச்சு எத்தனை மாசம்னு சொன்னீங்க?

அக்கா: பதினோரு மாசம்.

தரகர்: முப்பத்தஞ்சு காட்டுது. முப்பத்தஞ்சாயிரம் லிட்டர். மாசாமாசம் பில் வந்திருக்குமே, நீங்க பாக்கலையா?

அக்கா: வருது... எனக்கெங்க அந்த எண்ணெல்லாம் புரியுது.

தரகர்: இதை அந்தம்மா பாத்தா அவ்வளவுதான். சுவருக்குள்ள எங்கயோ குழாய் ஒழுகுதுன்னு நினைப்பாங்க. உடைச்சுப் பாக்காம யாரும் முன்பணம் தர மாட்டாங்க. 'தண்ணீர்க் குறைவில்லை'ன்னு நோட்டீஸ்ல எழுதியிருக்கேன்மா. எழுதின வார்த்தைக்கு நான்தானே பொறுப்பு?

தம்பி: ஒழுகத்தான் செய்யும். பழைய வீடு. நான் அப்பவே சொன்னேன், விக்கிற நிலையில இல்லைன்னு.

தரகர்: சந்தேகம் எதுக்கு? எல்லாக் குழாயையும் மூடிட்டு அஞ்சு நிமிஷம் மீட்டரைப் பாத்தாத் தெரிஞ்சுடும். உள்ள ஒரு சின்னச் சக்கரம் இருக்கு. ஒழுக்கு இருந்தா அது சுத்தும். நான் போய் மூடிட்டு வரேன்.

தம்பி: நான் மூடறேன். நீங்க உக்காருங்க.

தரகர்: இருக்கட்டும் சார். எந்த வீட்டுல எத்தனை குழாய்னு எனக்குத்தான் மனப்பாடம்.

அக்கா: உக்காருடா. அவர் பாத்துப்பார். மெலிஞ்சுட்டே.

தம்பி: எல்லாரும் மெலியத்தானே ஓடறாங்க.

அக்கா: நீ ஓடறியா?

தம்பி: ...சும்மா இரு அக்கா.

தரகர்: மூடிட்டேன். மீட்டரையும் பாத்துட்டேன். சக்கரம் அசையவே இல்லை. ஒழுக்கு கிடையாதும்மா.

அக்கா: அப்போ முப்பத்தஞ்சு எப்படி?

தரகர்: யாரோ குழாயைத் திறந்து மூடியிருக்காங்க.

தம்பி: நான்தான். அப்பப்ப வந்து செடிக்குத் தண்ணி ஊத்தினேன்.

அக்கா: எந்தச் செடிக்கு?

தம்பி: பின்னாடி இருக்கிற...

அக்கா: பின்னாடி சிமென்ட் போட்டு பதினஞ்சு வருஷம் ஆச்சு. சிமென்ட்டுக்கா ஊத்தினே?

தரகர்: அது... அம்மா, நான் தெருமுனை வரைக்கும் போய் நிக்கிறேன். அந்தம்மாவுக்கு வழி தெரியாது.

அக்கா: நேத்து அவங்களுக்குத் தெருவெல்லாம் காட்டினேன்னு சொன்னீங்களே.

தரகர்: மறந்திருப்பாங்கம்மா. அப்புறம்... குளியலறையில சோப்பு ஈரமா இருக்கு. கொக்கியில துண்டு. ரேஸர் ஒண்ணு. அவங்க வர்றதுக்குள்ள எடுத்து வச்சுட்டா நல்லது. எனக்கு ஒண்ணும் தெரியாது. வரேன்.

தம்பி: நல்ல மனுஷன்.

அக்கா: ம்.

தம்பி: வேலை போய் ஒம்பது மாசமாச்சுக்கா. கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்க மெஷின் வாங்கிட்டாங்க. நாலு பேரை அனுப்பினாங்க, நான் ஒருத்தன்.

அக்கா: உன் பெண்டாட்டிகிட்ட சொல்லலையா?

தம்பி: ரெண்டு மாசம் சொல்லல. தினம் கிளம்பிப் போய்ப் பூங்காவுல உக்காந்திருப்பேன். ஒருநாள் கடைக்காரரே அவளைப் பாத்து விசாரிச்சுட்டார், எனக்கு வேறெங்கயாவது வேலை கிடைச்சுதான்னு.

அக்கா: சண்டை போட்டாளா?

தம்பி: போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். ஒண்ணும் கேக்கல. தட்டை எடுத்து வச்சு, சோத்தைப் போட்டா. என்னால அங்க இருக்க முடியல. வெளியூர்ல வேலைன்னு சொல்லிட்டு இங்க வந்துட்டேன்.

அக்கா: லைட்டு?

தம்பி: போட்டதே இல்லை. கரண்ட் பில் உனக்குத்தானே வரும். மெழுகுவத்திதான். அதுல எல்லாம் ரொம்பக் கவனமா இருந்தேன்.

அக்கா: தண்ணியில கோட்டை விட்டுட்டே.

தம்பி: இந்த வீட்டுல பொறந்தவன் தண்ணியை எண்ணுவான்னு யாருக்குத் தோணும்? நாள் முழுக்கச் செய்யறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்லைக்கா. குளிப்பேன். துவைச்ச சட்டையையே மறுபடி துவைப்பேன். விக்காதேன்னு சொன்னா ஏன்னு கேப்பே. இந்த வீடும் போனா நான் எங்க போய்ப் படுப்பேன்னு சொல்லணும். வாய் வரல. அதான் மீட்டரைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருந்தேன்.

அக்கா: எனக்குத் தெரியும்டா.

தம்பி: இப்பத்தான் சொன்னேனே.

அக்கா: ஏழு மாசமாத் தெரியும். அந்த மீட்டர் தினம் காலையில என் போனுக்கு எண்ணை அனுப்பும். நாலு மாசம் பூஜ்ஜியமா வந்துச்சு. அப்புறம் ஒரு நாள் நூத்தி அறுபது லிட்டர். மறுநாளும் அதே. சாவி நம்ம ரெண்டு பேர்கிட்டதானே இருக்கு?

தம்பி: ...தெரிஞ்சுமா கேக்காம இருந்தே?

அக்கா: நீயா சொல்லுவேன்னு இருந்தேன். கேட்டா இங்கிருந்தும் ஓடிடுவேன்னு பயம். அஞ்சு மணி நேரத் தூரத்துல இருக்கேன், ஓடினா எங்க தேடுவேன்? எண்ணு வந்துச்சுன்னா எந்திரிச்சிருக்கான், குளிச்சிருக்கான்னு நினைச்சுப்பேன். அப்புறம்தான் அடுப்படிக்கே போவேன்.

தம்பி: எல்லாம் தெரிஞ்சவ எதுக்கு வீட்டை விக்கறேன்னு கிளம்பினே? என்னை வெளிய தள்ளவா?

அக்கா: போன மாசம் நாலு நாள் தொடர்ந்து பூஜ்ஜியம் வந்துச்சு.

தம்பி: வேலை கேட்டு வெளியூர் போயிருந்தேன். கிடைக்கல. உன் போனை எடுத்தா பொய் சொல்லணுமேன்னு எடுக்கல.

அக்கா: அது எனக்கு எப்படித் தெரியும்? பதினாறு தடவை கூப்பிட்டேன். நாலாம் நாள் பஸ் நிலையத்துல வரிசையில நிக்கறேன். இங்க வந்து கதவைத் திறந்தா எதைப் பாக்கப் போறேனோன்னு... இதுக்காவது நீ கூப்பிடுவியான்னு, வீட்டை விக்கப் போறேன், தரகர்கிட்ட சொல்லியாச்சுன்னு ஒரு வரி அனுப்பினேன். ரெண்டே நிமிஷத்துல நீ கூப்பிட்டு, "எந்தத் தரகன்?"னு கத்தினே. அந்தக் கத்தலைக் கேட்டுட்டு வரிசையை விட்டு வெளிய வந்து கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். அதுக்கப்புறம்தான்டா போய் ஒரு தரகரைத் தேடினேன்.