கேமராவும் போர்டும் சேரவில்லை

புதிதாகக் கூட்டிய கணினி முதல் தடவையே ஓடிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உதிரிகள் தனித்தனியே நல்லவையாகத்தான் இருக்கும். சேர்த்து வைத்தால் ஒன்று சொல்வது மற்றதற்குப் புரியாது. பொறுமை வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். நான் இயற்பியல் படித்தவள். எனக்கு அது பழக்கம்.

அந்தக் கணினியைக் கூட்டியவர் ராபர்ட் மாமா. என் அண்ணி பிரிசில்லாவின் அண்ணன். கடலூர் முதுநகரில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே சிதம்பரம்வரை பஸ்ஸில் வந்தார். பக்கத்து சீட்டுக்காரர் உள்ளே கோழிக்குஞ்சா என்று கேட்டாராம்.

கணினி என் அண்ணன் எழிலனுக்கு. பண்ருட்டியில் ஒரு முந்திரி ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். மூளைத்தண்டில் ரத்தக்குழாய் அடைத்த நாளிலிருந்து கை, கால், வாய் எதுவும் அசையாது. அறிவு முழுதாக இருக்கிறது. கண்களை மட்டும் மேலும் கீழும் அசைப்பான். திரைக்குக் கீழே பொருத்தும் ஒரு கேமரா உண்டு. மேலிருந்து கீழாக வரும் எழுத்துகளில் கண் எதில் நிற்கிறது என்று பார்த்து, அந்த எழுத்தைத் திரையில் போடும். அந்தக் கேமராவுக்காகத்தான் இவ்வளவு பாடு.

அதுவரை அவனுடைய பேச்சு என் வழியாகத்தான் வந்தது. நான் க, ச, ட என்று வரிசையாகச் சொல்வேன். வேண்டிய எழுத்து வந்ததும் கண்ணை மேலே தூக்குவான். பிறகு அந்த வரிசையில் க, கா, கி, கீ. ஒரு சிக்கல் என்னவென்றால் அவன் கண் தானாகவும் மேலே துள்ளும். உண்மையான பார்வை ஒரு கணம் மேலேயே நிற்கும், பொய்த்துள்ளல் நிற்காது. அந்த வித்தியாசம் வீட்டில் எனக்கு மட்டும் பிடிபட்டது. அம்மா பகலெல்லாம் மாணவர் விடுதி மெஸ்ஸில் இருப்பாள்.

சின்ன வயதிலிருந்தே எனக்குக் குரல் எழும்பாது. வகுப்பில் விடை தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். வீட்டில் எழிலன் பேசுவான், நான் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவேன். ஆனால் அவன் சார்பாகப் பேசும்போது என் குரல் நடுங்கவில்லை. நான் வாயைத் திறந்தால் அம்மா, டாக்டர், வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அது எப்படி இருக்கும் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது.

கணினியில் முதலில் படமே வரவில்லை. திரையின் வயரை மாமா மதர்போர்டில் செருகியிருந்தார். அந்த பிராசஸருக்குத் தானாகப் படம் காட்டும் வசதி கிடையாது. கிராபிக்ஸ் கார்டில் மாற்றிச் செருகினேன், படம் வந்தது. அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. இரண்டு ரேம்களும் வேறுவேறு வேகம். ஒன்றைக் கழற்றினேன், அணைவது நின்றது.

"நீ கடலூர்ல கட போட்டீன்னா நான் மூட்டய கட்டிட வேண்டியதுதான்" என்றார் மாமா. பிறகு கட்டிலைப் பார்த்து, "மச்சான், இன்னும் கொஞ்சம் பொறு. அப்புறம் நீ வாய தொறந்தா மூட மாட்ட, அதான் எனக்கு பயமாகீது" என்றார். எழிலனின் கண்ணோரம் ஈரமானது. சிரித்தால் அவனுக்கு அப்படித்தான் ஆகும்.

மிஞ்சியது கேமரா மட்டும். செருகினால் கணினிக்குத் தெரியும், உடனே தொடர்பு அறுந்துபோகும். போர்டுக்கும் அதற்கும் ஒத்துவரவில்லை என்று நினைத்த மாமா, தனியாக ஒரு யூஎஸ்பி கார்டு எடுத்துவரக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"பிரிசிலாவுக்கு குவைத்துல ஆஸ்பத்திரி வேல வந்துருக்கு மதி. கையெழுத்து போடாம வெச்சிருக்கா. இவன் வான்னு சொன்னா இங்க வந்துருவா. போன்னு சொன்னா போயிருவா. எதுவானாலும் அவனே சொல்லணும்ங்கறா."

"முன்னயே சொன்னான் மாமா. போவ சொல்லிட்டான்."

"தெரியும்மா. நீ படிச்சு சொன்ன. ஆனா கட்னவளுக்கு மனசு ஆறுமா?"

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை அவர்.

மறுநாள் அவர் வருவதற்குள் நான் சும்மா இருக்கவில்லை. கேமராவை முன்பக்க யூஎஸ்பி துளையிலிருந்து உருவி, பின்பக்கத்தில் நேராக போர்டிலேயே செருகினேன். அறுந்துபோகவில்லை. முன்பக்கத்துக்கு உள்ளே போகும் வயரில்தான் கோளாறு. மற்றபடி எல்லாம் எல்லாவற்றோடும் சேர்ந்தே இருந்தது. கட்டிலை நிமிர்த்தி, திரையை அவன் முகத்துக்கு நேரே வைத்தேன். கேமரா அவன் கண்ணைப் பழகிக்கொள்ளத் திரையில் காட்டிய புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தான். எழுத்துகள் வந்தன.

நிதானமாக எழுதினான். நான் பக்கத்தில் நின்றேன்.

பிரிசிலாவ வர சொல்லு.

சரி என்றேன்.

நான் போவ சொல்லல.

அதற்கும் சரி என்றேன்.

ராபர்ட் வந்தா இத காட்டு.

அவன் முடிக்கும்வரை காத்திருந்தேன். குறுக்கே புகவில்லை. பிறகு மூன்று வரிகளையும் அழித்தேன்.

இதைப் புரியும்படி சொல்ல வேண்டும். பிரிசில்லா நல்லவள். நர்ஸ் வேலையை விட்டுவிட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அவன் கண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். "இப்ப தண்ணி கேக்குறாரு, இல்ல மதி?" என்பாள். சரியாகத்தான் சொல்வாள். "இல்ல அண்ணி, அது தானா துள்ளுது" என்பேன். உண்மையான பார்வையைப் பொய் என்பேன், பொய்யை உண்மை என்பேன். அவளுக்குத் தன் கண்மேலேயே நம்பிக்கை போயிற்று. ஒருநாள் அழுதுகொண்டே அவனிடம் கேட்டாள், நான் பக்கத்தில் இருப்பது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறதா என்று. நான் எழுத்துகளைச் சொன்னேன். 'இரு' என்றான். இரண்டே எழுத்து. நான், "உன் வாழ்க்கைய பாத்துக்க, ஊருக்கு போன்னு சொல்றான்" என்றேன். அவ்வளவு நீளமான வாக்கியத்தை அதற்குமுன் நான் யாரிடமும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அவள் போகும்போது அவன் கண்கள் மேலேயே நின்றிருந்தன. அவள் திரும்பிப் பார்த்தாள். துள்ளல் என்று நினைத்திருப்பாள்.

அழித்த பிறகு கேமராவின் வயரைக் கையில் எடுத்தேன். செருகும் முனையின் உள்ளே பின்வரிசையில் ஐந்து சின்னத் தகடுகள் இருக்கும். அதிவேகத் தொடர்பு அவற்றின் வழியாகத்தான், அது இல்லாமல் இந்தக் கேமரா ஓடாது. பிரிசில்லா விட்டுப்போன நிறமில்லாத நகப்பூச்சு அலமாரியில் இருந்தது. ஊக்கின் நுனியில் தொட்டு ஐந்திலும் வைத்தேன். காய்ந்ததும் வெளியே ஒன்றும் தெரியவில்லை, மின்சாரமும் பாயாது. எழிலன் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நேராக உட்கார்ந்துதான் செய்தேன். அவனிடம் நான் எதையும் மறைப்பதில்லை.

மாமா புதுக் கார்டு போட்டார், கேமரா தெரியவில்லை. போர்டையே மாற்றினார், அப்போதும் இல்லை. விண்டோஸைத் திரும்ப ஏற்றினார். நான் டார்ச் பிடித்தேன், திருகாணி எடுத்துக் கொடுத்தேன், டீ போட்டேன். "இதுவும் அதுவும் ஜென்மப் பகையா மதி?" என்றார். "சிலது அப்படித்தான் மாமா, சேராது" என்றேன். கடைசியில் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு உதிரியும் சரியாகப் பார்த்து வாங்கத் தெரியவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டார். பிறகு எழுந்து எழிலனின் முகத்தைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், பொட்டிய வுடு. என்ன பாத்து சொல்லு. அவ வரட்டுமா?"

எழிலன் கண்ணைத் தூக்கினான். தூக்கியபடியே வைத்திருந்தான். நான் பார்த்ததிலேயே நீளமான பார்வை அது. கண் நடுங்கியது, ஆனாலும் இறக்கவில்லை. மாமா அவனைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்னா சொல்றான்?"

"இது துள்ளல் மாமா. களைச்சிட்டா ஜாஸ்தியா வரும். அவன் பதிலே சொல்லல."

பிரிசில்லா கையெழுத்துப் போட்டுவிட்டாள். விமான நிலையத்திலிருந்து போன் செய்தாள். எழிலனின் காதில் வைத்தேன். அவள் பேசி முடித்ததும், நல்லபடியா போய்ட்டு வா என்று அவன் சொல்வதாகச் சொன்னேன். அவள் நன்றி சொன்னாள்.

இதையெல்லாம் யாராவது கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். எல்லாரும் அவன் என்ன சொல்கிறான் என்றுதான் கேட்டார்கள்.

இப்போது நான் எழுத்துகளைச் சொல்லத் தொடங்கினால் எழிலன் கண்ணை மூடிக்கொள்கிறான். அம்மா பயப்படுகிறாள். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு என்ன வேண்டும் என்பது அவன் சொல்லாமலேயே எனக்குத் தெரியும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது, அவ்வளவுதான்.