பத்து மாசப் படிப்பு

– அந்தச் சம்பளத்தையும் சேக்கணும் ஐயா.

– எந்தச் சம்பளத்த, தாயி?

– சிலமலைப் பள்ளிக்கூடத்துல நான் வாங்கிக்கிட்டிருந்தத. பத்து மாசமும் சம்பளமில்லாத லீவு. மாசம் நாப்பத்தெட்டுன்னா நானூத்தி எம்பது.

– கைக்கே வராத காசு எப்பிடித்தா செலவாகும்?

– வரவேண்டியது வராமப் போனா அதுவும் செலவுதான்.

– சரி, நீ டீச்சரு, நீ சொன்னாச் சரி. பீசு நூத்தம்பது. ஆஸ்டலுக்கு எரநூத்தி எம்பது. புத்தகம், மெட்ராசு போக வர ரயிலு, ரெண்டு சேலை, எல்லாமாத் தொண்ணூத்தஞ்சு. அதோட நீ சொல்ற இந்த நானூத்தி எம்பது. ஆக எம்புட்டு?

– ஆயிரத்தி அஞ்சு.

– ஆத்தாடி. கம்மாக்கரை வயலே அறுநூறுக்குத்தான போச்சு.

– பஸ்சு வந்திருச்சு ஐயா. பொட்டியத் தூக்குங்க.

– இது போகட்டும் தாயி. பாரு, படியில தொங்குறான். அடுத்ததுல போவோம். வெயிலும் கொஞ்சம் தாழட்டும்.

– சீட்டுக் காலியா இருக்கு. இங்கருந்தே தெரியுது.

– ரயில்ல வந்த களைப்பு வேற. உக்காரு, டேசன் வாசல்ல நெழலு நல்லாத்தான இருக்கு. டீ குடிக்கிறியா? கொண்டாரச் சொல்லவா?

– வேணாம்.

– வடை?

– எதுவும் வேணாம் ஐயா.

– மெலிஞ்சு போன. சரி, அது கெடக்கட்டும். செலவச் சொல்லிட்ட. வரவச் சொல்லு. நீ படிச்ச மெட்ராசுப் பள்ளிக்கூடத்துலயே ஒனக்கு வேலை தர்றேன்னாகளாமே, கடுதாசியில எழுதியிருந்தியே. சின்னமுத்து படிச்சுக் காட்டுனான்.

– ஆமா. மாசம் எழுபத்தஞ்சு. காது கேக்காத பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்குறதால பத்து ரூபா தனிப்படி, அதையும் சேத்துத்தான் எழுபத்தஞ்சு.

– நாப்பத்தெட்டு எங்க, எழுபத்தஞ்சு எங்க! அப்ப வயலு போனாப் போகுது.

– பட்டணத்துல ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் நாப்பது போயிரும். மிச்சம் முப்பத்தஞ்சு. இங்கன்னா வீட்டுச் சோறு, நாப்பத்தெட்டும் அப்படியே நிக்கும்.

– அப்படின்னா?

– மாசத்துக்குப் பதிமூணு ரூபா கொறையுது.

– என்ன சொல்ற நீ? படிக்காம இருந்தா நாப்பத்தெட்டு, படிச்சா முப்பத்தஞ்சா?

– அங்க வருசத்துக்கு மூணு ரூபா ஏத்துவாங்க. இங்க ஒரு ரூபா. அதனால ஏழு வருசம் கொறைச்சலாவே போகும். எட்டாவது வருசம் மாசத்துக்கு ஒரு ரூபா கூட நிக்கும். அதுக்கப்பறம் போட்ட ஆயிரத்தி அஞ்சையும் எடுக்கணும்ல. பத்தொம்பது வருசம் ஆகும். ரயில்ல வரும்போது போட்டுப் பாத்தேன்.

– ரயில்ல இதையா போட்டுக்கிட்டு வந்த?

– வேற சோலி இல்ல. அப்ப எனக்கு நாப்பத்திரண்டு வயசு.

– நான் இருக்க மாட்டேன்.

– ம்.

– ஒரு பேச்சுக்காச்சும் இருப்பீங்கன்னு சொல்ல மாட்டியா?

– இருப்பீங்க ஐயா.

– நீ பேசுறது கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு தாயி. ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?

– இல்ல.

– அங்க என்னதான் சொல்லிக் குடுத்தாக? காதே கேக்காத பிள்ளைக்கு எதச் சொல்லிப் படிக்க வெப்ப?

– காகிதத்தக் கீத்தாக் கிழிச்சு வாய்க்கு நேரா புடிக்கணும். ‘ப’ சொன்னா அது ஆடும். பிள்ளை அதப் பாக்கும். அப்பறம் அது வாய்க்கு நேரா புடிச்சு, அதுவும் ஆட்டணும். ‘ம’ சொல்லும்போது ஆடாது, அதுக்கு மூக்குல வெரல வெச்சுக் காட்டணும். தொண்டையில கைய வெச்சா உள்ள சத்தம் அதிர்றது தெரியும். அத வெச்சுத்தான் இது பேச்சு, இது சும்மா வாயசைக்கிறதுன்னு அதுகளுக்குப் புரியும். சரசுவதி பூஜை லீவுக்கு வந்தப்ப, பத்து நாளும் வீட்டுல பண்ணுனேனே.

– ஆமா. பண்ணுன. அது கெடக்கட்டும். அப்ப மெட்ராசுக்குப் போயிரு தாயி. கொறைஞ்சாக் கொறையட்டும். இந்த ஊருல இருந்து என்னத்தக் கண்ட?

– மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்.

– எப்ப?

– நேத்து, பொட்டி கட்டுறதுக்கு முந்தி.

– என்ன ஏதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா? வயல வித்தவன் நானு.

– மேலதிகாரி ஒருத்தரப் போயிப் பாத்தேன் ஐயா. எட்டுப் பிள்ளைக இருந்தா போடியிலயே ஒரு வகுப்பு தொறக்கச் சொல்லி எழுதுறேன்னாரு. தனிப்படியும் கெடைக்கும்னாரு. அப்ப மாசம் அம்பத்தெட்டு. வீட்டுச் சோறு.

– நம்ம பக்கத்துல அம்புட்டுப் பிள்ளைகளா இருக்கு, காது கேக்காம?

– போறதுக்கு முன்னாடியே தேடி எழுதி வெச்சிருக்கேன். போடிமெட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுல அக்கா தங்கச்சி ரெண்டு பேரு. கொழுந்து கிள்ளப் போகும்போது அம்மாக்காரி வீட்டுக்குள்ள விட்டுப் பூட்டிட்டுப் போயிருவா. குரங்கணியில ஒண்ணு. போடியில ஏலக்கா பொறுக்குற வேலுத்தாயி மக ஒண்ணு. வண்டிப்பேட்டைக்குப் பின்னால ஒரே வீட்டுல ரெண்டு. ராசிங்காபுரத்துல ஒண்ணு.

– அது எத்தனை ஆச்சு?

– ஏழு.

– எட்டு வேணும்னியே.

– ஒண்ணு கொறையுது. மலையில வேற எந்த லயத்துலயாச்சும் இருக்கும். சனி ஞாயிறுல ஜீப்புல ஏறிப் போயித் தேடுவேன்.

– தாயி.

– ம்.

– ஒன் தங்கச்சிய நீ எண்ணல. நம்ம கிளிய நீ எண்ணல. அவளுக்காகத்தான இந்தப் படிப்பே. ரயிலு விட்டு எறங்குனதுல இருந்து அவ எங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல நீ.

– நீங்களும் சொல்லல ஐயா.

– பஸ்சு வருது போல.

– வரல. அது லோடு லாரி.

– …மார்கழி. பதினெட்டாந் தேதி. மூணு நாளாக் காச்ச. எங்க வலிக்குதுன்னு கேட்டா அவளுக்குக் கேக்கவும் இல்ல, சொல்லவும் தெரியல. மூணாம் நாளு வண்டி கட்டிப் போடி ஆசுபத்திரிக்குக் கொண்டாந்தோம். ஒங்கம்மா மடியில தலை, என் மடியில காலு. பாதி வழியில எந்திரிச்சு எங்கிட்ட வந்துட்டா. வந்து, என் தொண்டையில கைய வெச்சா. நீ சொல்லிக் குடுத்தியே, அப்படி. எடுக்கவே இல்ல. என்னத்தக் கேக்குறான்னு தெரியல எனக்கு. நான் பேசுனேன். என்னத்தையாச்சும் பேசிக்கிட்டே இருந்தேன். மாட்டப் பத்தி, மழையப் பத்தி, கம்மாயில தண்ணி இல்லங்குறதப் பத்தி. நிறுத்துனா இன்னும் அழுத்திப் புடிப்பா. போடி எல்லை வந்தப்ப கை தானா எறங்கிருச்சு. அப்பவும் நான் பேசிக்கிட்டேதான் வந்தேன். ஒங்கம்மாதான் போதும்ன்னா. அழுதுரு தாயி.

– வரல ஐயா.

– தந்தி அடின்னு ஒங்கம்மா தலையில அடிச்சுக்கிட்டா. தபாலாபீசு வரைக்கும் போனேன். காச எடுத்துக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன். நீ வந்தா திரும்பிப் போக மாட்ட. வயலும் போயி, பிள்ளையும் போயி, படிப்பும் போகணுமான்னு தோணுச்சு. பரீட்சைய முடிக்கட்டும்னு வந்துட்டேன். அன்னையில இருந்து ஒங்கம்மா எங்கூடப் பேசல. சோறு போடுறா. பேசல.

– ம்.

– மாசா மாசம் கடுதாசியில கிளி கையத் தாளுல வெச்சு வரைஞ்சு அனுப்புவோம்ல. அத நிறுத்துனா ஒனக்குத் தெரிஞ்சு போகும்னு…

– சின்னமுத்து மாமா மக கையா?

– …ஆமா. அவளுக்கும் எட்டு வயசுதான். தை, மாசி, பங்குனி, மூணு தடவையும் அவ கைதான். ஒனக்கு எப்படி…?

– கிளிக்கு அருவாமனை வெட்டுனதுல இருந்து சுண்டுவெரலு உள்ள வளைஞ்சிருக்கும் ஐயா. நீட்டச் சொன்னாலும் நீளாது. தை மாசம் வந்த கையில அஞ்சு வெரலும் நேரா இருந்துச்சு.

– அப்ப தையிலயேவா?

– தையிலயே. அடுத்த நாளு வகுப்புல ஒரு பிள்ளைய எனக்குக் குடுத்தாங்க, ‘ம’ சொல்ல வைக்க. பதினோரு நாளாச்சு. சொல்லிருச்சு. எனக்கு நல்ல மார்க்கு போட்டாங்க.

– தெரிஞ்சுமா நீ வரல? ஒத்த வரி எழுதிக் கேக்கக் கூடவா தோணல? மூணு மாசமா ஊரான் பிள்ளைக மூக்குல வெரல வெச்சுக்கிட்டு, எப்படித்தா இருந்த அங்க?

– நடுவுல நின்னுட்டாக் கட்டுன பணம் திரும்ப வராதுன்னு அட்மிசன் பாரத்துல போட்டிருந்துச்சு ஐயா.