மாஸ்டரின் வலது கை

வெந்நீரின் சூட்டை உள்ளங்கையால் பார்க்கக் கூடாது. வேலை செய்து காய்த்துப்போன தோலுக்குச் சூடு உறைக்காது. முழங்கையை நனைத்துப் பார்க்க வேண்டும். இப்போது அந்த வீட்டுக்குப் போகிறவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். மாஸ்டருக்கு மார்புக்குக் கீழே சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. கால் வெந்துபோனாலும் கதை பேசிக்கொண்டிருப்பார்.

வாக்குமூலத்துக்கு நீங்கள் கையைப் பற்றிக் கேட்கிறீர்கள், சார். அதற்குத்தான் வருகிறேன்.

மாஸ்டர் முப்பது வருடம் சலூன் நடத்தியவர். மாடிப்படியில் வழுக்கி விழுந்து கழுத்தில் அடிபட்டது. கால் இரண்டும் போயின, இடது கையும் போயிற்று. வலது கையில் தோளும் முழங்கையும் மிஞ்சின. விரல்கள் மட்டும் வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன. மனைவி இல்லை. ஒரே மகள். காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் திரும்புவாள். அந்தப் பத்து மணி நேரமும் நான்தான் பார்த்துக்கொண்டேன்.

அதற்கு முன் ஆறு வருடம் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தேன், பெட்டிக்கு மூடி போடுகிற வேலை. ஒருநாள் பாதி ஷிப்டில் எழுந்து வந்துவிட்டேன். மறுவாரம் செருப்பை எடுக்கப் போனபோது என் இடத்தில் ஒருவன் என் மேலங்கியையே மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். ஏன் போனாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. எழுதிக்கொள்ளுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

மாஸ்டர் வீடு அப்படியல்ல. பல் துலக்கிவிடுவது, மலம் எடுப்பது, சிறுநீர்ப் பை மாற்றுவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் என் கையால் நடந்தன. அவர் முதுகில் ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. நான் பத்து நிமிடம் தாமதித்தால் வாசலுக்கே குரல் வரும். "வந்துட்டியாய்யா? ஒரு மணி நேரமா மூக்கு அரிக்குது." அதுவரை என் வாழ்க்கையில் எனக்காக யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை.

சவரம் செய்துவிடும்போது மட்டும் திட்டுவார். "சவரம் பண்றியா, கோழிக்கு றெக்கை பிடுங்கறியா? தோலை இழுத்துப் பிடிய்யா." மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டேன். "பரவால்ல, இப்ப உன்னை என் கடையில சேத்துக்கலாம். தரை கூட்ட," என்றார்.

வாரம் ஒருமுறை பிசியோ மேடம் வருவார். கை சுருங்கிவிடாமல் விரல்களை நீட்டிப் பிடிக்கும் ஸ்பிளின்ட் ஒன்றைக் கொடுத்திருந்தார். காலையில் மூன்று மணி நேரம், மதியம் மூன்று மணி நேரம் மாட்ட வேண்டும். இடையில் வெந்நீரில் ஊறவைத்து ஒவ்வொரு விரலையும் இருபது முறை விரிக்க வேண்டும். செய்ததும் சுவரில் ஒட்டிய தாளில் டிக் போட வேண்டும். நான்கு மாதம் ஒன்றுவிடாமல் செய்தேன். விரல்கள் அசைந்தது என் உழைப்பால்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒருநாள் காலை தண்ணீர் மாற்றப் போய்த் திரும்பினேன். மாஸ்டர் தானே ரேஸரைப் பிடித்து ஒரு கன்னத்தை வழித்திருந்தார். மோவாயில் ரத்தம், வாயெல்லாம் சிரிப்பு. "பாத்தியாய்யா, கடையைத் திறந்துட்டேன்." மாலையில் மகள் அந்தக் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்து அழுதாள். பிறகு என்னிடம், "இன்னும் ஆறு மாசம்ணே. அப்பாவே பாதி வேலையைப் பாத்துக்குவாரு. உங்களுக்கும் விடுதலை," என்றாள்.

அன்றே ஒரு முடிவுக்கு வந்தேன் என்று நினைக்காதீர்கள். வேலையைக் கொஞ்சம் வேகமாகச் செய்தேன், அவ்வளவுதான். அவர் கை நீளும் முன்பே டம்ளர் அவர் உதட்டில் இருக்கும். "நானே எடுத்துக்கறேன்யா" என்பார். "ஆறிடும் மாஸ்டர்" என்பேன். அது குற்றமில்லை.

பிசியோ மேடம் ஆறு மாதப் பிரசவ விடுப்பில் போனார். அவருக்குப் பதிலாக வேறு யாரும் வரவில்லை. அந்த வாரம் ஸ்பிளின்டைப் பெட்டிக்குள் வைத்து அலமாரியின் மேல்தட்டில் போட்டேன். மாஸ்டரின் கட்டைவிரலை உள்ளே மடக்கி, அதன்மேல் மற்ற நான்கையும் மடக்கி, இழுபடும் கட்டுத்துணியால் இறுக்கிக் கட்டினேன். மேடம் போனில் சொன்ன புது முறை என்று சொன்னேன். காலையில் மூன்று மணி நேரம், மதியம் மூன்று மணி நேரம். கணக்குத் தவறவில்லை. டிக்கும் தவறவில்லை.

"வலிக்குதுய்யா" என்பார்.

"நரம்புக்கு உயிர் வருது மாஸ்டர். வலிக்கத்தான் செய்யும்."

பல்லைக் கடித்துக்கொள்வார். ஒருநாள் நானே மனம் இளகித் தளர்த்தப் போனேன். அவர் விடவில்லை. "இன்னும் இறுக்குய்யா. பொண்ணு கல்யாணத்தன்னிக்கு நானே சவரம் பண்ணிக்கணும்." இறுக்கினேன். அவர் கேட்டதைத்தான் செய்தேன்.

ஐந்து மணிக்கு அவிழ்த்து, கட்டின தடம் மறையும்வரை எண்ணெய் தேய்த்துவிடுவேன். விரல் மடங்குகிறதே என்று மகள் கேட்டாள். முதலில் இறுகும், பிறகு இளகும் என்றேன். அவள் சுவரைப் பார்த்தாள். ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை.

ஐந்தாவது மாதம் துணி தேவைப்படவில்லை. கை தானாகவே மூடி நின்றது. குச்சியில் பஞ்சு சுற்றி உள்ளங்கையைச் சுத்தம் செய்வேன். நகங்கள் சதையில் அழுந்தும். வெட்ட அரைமணி நேரம் ஆகும். ஒருமுறைகூட ரத்தம் வரவிட்டதில்லை.

மேடம் திரும்பி வந்த அன்று மகளும் வீட்டில் இருந்தாள். மேடம் கையைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. ஸ்பிளின்டைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை, மூக்கருகே கொண்டுபோனார். தினமும் மாட்டுகிற ஸ்பிளின்ட் எவ்வளவு கழுவினாலும் வியர்வை நாறுமாம். இது பெட்டி வாசனை அடித்தது.

"இதை மாட்டவே இல்லையா?" என்றார். எனக்காக மாஸ்டர் பேசினார்.

"தம்பியை ஒண்ணும் சொல்லாதீங்க மேடம். ஒரு நாள் தவறினதில்ல. நான் கத்தினாலும் விடாம இறுக்கிக் கட்டுவான்."

"எதைக் கட்டினாரு?"

மாஸ்டர் மோவாயால் மேசை இழுப்பறையைக் காட்டினார். மகள் திறந்தாள். உள்ளே துணிச் சுருள் இருந்தது. மாஸ்டர் மேடத்தின் முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தை. முப்பது வருடம் கண்ணாடியில் அடுத்தவர் முகத்தைப் பார்த்தே பிழைத்தவர். யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன், பட்டப்பகலில், ஆறு மாதம். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். முதுகில் புண் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

புதிதாக வருகிறவரை மாஸ்டர் முகத்தில் கை வைக்க விடுவதில்லையாம். ரேஸரைப் பார்த்தாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாராம். தாடி கழுத்தை மறைத்துவிட்டதாம். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. அவருக்குப் பழகிய கை வேண்டும். நான் வரட்டும் என்று காத்திருக்கிறார்.