தனுஷியாட பிறப்புப் பத்திரம்

ஓம் சேர், சீல் என்ட சீல்தான். இல்லெண்டு நான் எங்க சொன்னன்? ஒப்பம் வெக்காததும் என்ட பிழைதான். வயசு அறுவத்தாறு, மறந்து போயிட்டன். இத விசாரிக்கவா கட்சி உங்கள கொழும்பில இருந்து அனுப்பினது? இருங்க, தேத்தண்ணி வருது.

ஒரு கொப்பி, அவ்வளவுதான். வேட்பாளர் புள்ள தனுஷியாட பிறப்புப் பத்திரக் கொப்பி. அதில ஜேபிட, அதான் சமாதான நீதவான் என்ட, ஒப்பம் இல்லையெண்டு கச்சேரியில வேட்புமனு பாக்கிறவனுகள் நம்மட வேட்பாளர் லிஸ்ட் முழுசையும் தள்ளிட்டானுகள். ரெண்டு தரம் நம்மட கையில இருந்த பிரதேச சபை, நாம போட்டியே போடாம மற்றவனுகள்ட கைக்குப் போயிட்டு. எனக்கும் கவலைதான்.

ஆனா ஒண்டு கேக்கிறன் சேர். அவளுக்குக் குடுத்தது ஆருட வட்டாரம்? சண்டைக் காலத்திலயும் போஸ்டர் ஒட்டப் பசை வாளியோட சைக்கிள்ள திரிஞ்சவன் நான். வாவி பெருகி வீடுகளுக்குள்ள வந்தா, தோணியில சோத்துப் பார்சல் கொண்டு போனவன் நான். அவள் என்ன செஞ்சவள்? போனில வீடியோ போட்டவள். லிஸ்ட்டில இளம் ஆக்கள் வேணுமாம், சட்டமாம். சரி, வேற எங்கயாவது போடுங்களன். என்ட வட்டாரத்தத்தானா குடுக்கோணும்?

ஓம், பொறாமைதான். மறைச்சு என்னத்துக்கு? அவள் றோட்டால போனா சனம் கேற்றத் திறந்து கூப்பிடுது. என்ட வளவுக்கு ஒப்பம் வாங்க மட்டும்தான் வருது. நாப்பது வருசம் என்னோட இருக்கிற மனிசி சொல்றாள், நீங்க எதிர நிண்டாலும் நான் அந்தப் புள்ளைக்குத்தான் போடுவன் எண்டு. அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கல்ல.

மறதியெண்டு இனியும் என்னத்துக்குச் சொல்லோணும். அண்டைக்குக் காலையில பதினொரு பேருக்கு ஒப்பம் வெச்சன், ஒருத்தருக்கும் மறக்கல்ல. அவள்ட கொப்பியில சீலக் குத்திப்போட்டு, பிறந்த வருசத்தப் பாத்தன். நான் கட்சியில சேந்து எத்தினையோ வருசத்துக்குப் பிறகு பிறந்தவள். பேனைய மூடினன். கொப்பிய மடிச்சுக் கவருக்குள்ள போட்டு ஒட்டிக் குடுத்தன். அவள் பிரிச்சும் பாக்கல்ல. தேங்ஸ் மாமா எண்டுட்டுப் போனாள்.

எழுதுங்க சேர், எல்லாத்தையும் எழுதுங்க. கட்சியால நிப்பாட்டுறெண்டா நிப்பாட்டுங்க.

நேத்தும் வந்தவள். தான் சரியாப் பாக்காததாலதான் சபை போனதெண்டு, நீங்க இருக்கிற கதிரையில இருந்து அழுதாள். பிழை என்னிலதானே மாமா எண்டு கேட்டாள்.

நான் ஓமெண்டுட்டன்.