பத்மாசனி வாசிச்ச முடிவு

இன்னும் கிட்ட இழுத்துப்போட்டு இருங்கோ வாத்தியார். இவர், என்ர மனிசன், கிணத்தடியில நிக்கிறார், காதில விழுந்தால் பேச்சு விழும். ஓம், உங்கட வாசிகசாலையில வாற ஞாயிறு கூடி வாசிக்க இந்தப் புத்தகம்தான் நல்லது. எனக்கு எழுத்து வராதுதான். அதுக்காகக் காதும் வராதோ?

ராசா காலத்துக் கதை. பூக்காரியா வேசம் போட்டு எதிரியின்ர கோட்டைக்குள்ள உளவு பாக்கப் போனவள், அங்க படைத்தலைவனிலயே மனசை வைச்சுப்போடுறாள். காதலும் கிடக்கு, வாள்வெட்டும் கிடக்கு. கிழவர்மாரும் எழும்பமாட்டினம்.

வாசிச்சுக் காட்டினது இவற்ற தங்கச்சி பத்மாசனி. நான் அரிசி புடைக்க, அவள் வேலியோட இருந்து பெலத்து வாசிப்பாள். கருவாடு விக்கிற கிறிஸ்தோப்பரும் அந்த நேரம் பாத்துத்தான் வேலிக்கு அங்கால சைக்கிளுக்குக் காத்தடிப்பான். ஒருநாள் உளவுக்காரி படைத்தலைவனுக்குச் சொல்லுறாள், செவ்வாய்க்கிழமை முதல் பஸ் போனாப்பிறகு குளக்கட்டு மருதமரத்தடிக்கு வாங்கோ எண்டு. ராசா காலத்தில ஏது வாத்தியார் பஸ்?

சிரியுங்கோ. நானும் சிரிச்சுப்போட்டு விட்டிருக்கலாம். அவன் வேதக்காரப் பெடியன், நாங்கள் சைவம், ஊர் என்ன சொல்லுமெண்டு பயந்து இவரிட்டச் சொல்லிப்போட்டன். இவர் மருதமரத்தடிக்குப் போய் அவன்ர கையை முறிச்சுப்போட்டு வந்தார்.

ஆர் சொன்னதெண்டு பத்மாசனிக்கு விளங்கியிருக்கும். எண்டாலும் அவன் கை பொருந்தித் திரும்பி வர, அவளும் திரும்ப வாசிச்சாள். ஒரு வியாழக்கிழமை உளவுக்காரி சொன்னாள், நாளைக்கு வவுனியா பஸ்ஸில ஏறுவம் எண்டு. நான் அதையும் கொண்டுபோய் ஒப்புவிச்சன். வெள்ளிக்கிழமை இவர் தடியோட பஸ்ஸுக்குக் காவல் நிக்க, அவள் வயல் வரம்பால நடந்துபோய்க் கடற்கரை மாதா கோயிலில கலியாணம் முடிச்சிட்டாள். பெடியனுக்கு முதலே வேற வழியால சொல்லி அனுப்பியிருக்கிறாள். எனக்காகத்தான் அந்த பஸ்.

அதில்லை வாத்தியார் என்ர கவலை. அந்த வியாழக்கிழமை பஸ்ஸோட அவள் நிப்பாட்டேல்லை. தண்ணிகூடக் குடியாமல் கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிச்சாள். அவள் போனாப்பிறகு வீட்டில வேற ஆர் எனக்கு வாசிக்கிறது? கடைசியில, உளவுக்காரியைக் காட்டிக்குடுத்த தோழி ஒருத்தி வாறாள். உன்னில எனக்குக் கோவமில்லையடி எண்டு அவளைக் கட்டிப்பிடிச்சுச் சொல்லிப்போட்டுத்தான் உளவுக்காரி போறாள். அது புத்தகத்தில கிடக்கோ எண்டு நீங்கள்தான் வாசிச்சுச் சொல்லவேணும். அந்த இடம் வரேக்க பத்மாசனி புத்தகத்தைப் பாக்கேல்லை. என்ர முகத்தைப் பாத்துத்தான் வாசிச்சவள்.